இந்த மாசமும் தயாரில்லை

"தயாரில்லை. அப்படியே அடிச்சு அனுப்பிடு."

ஆய்வாளர் சொன்னதும் டைப்பிஸ்ட்டுக்குக் கை ஓடவில்லை. யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். முப்பத்தொண்ணுக்குத்தான். போன மாசமும் இதே பதில், அதற்கு முந்தின மாசமும் இதே பதில்.

அந்தப் பரிசோதனைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சின்னச் சின்னக் குப்பிகளாக வரும். குழந்தைக்காகத் தவிக்கிற பெண்களின் கர்ப்பப்பைக்குள்ளிருந்து கிள்ளி எடுத்த துளிச் சதை. பெயரெல்லாம் இருக்காது, வெறும் நம்பர்தான்.

ஜீன் என்பது எல்லாருக்கும் இருக்கிற சமாசாரம். ஆனால் ஆரோக்கியமான கர்ப்பப்பையில் மாசத்தில் சில நாள் மட்டும் சில ஜீன்கள் எழுந்து உட்கார்ந்து வேலை பார்க்கும். சோதனைக்குழாயில் உண்டாக்கிய கருவை அந்த நேரம் பார்த்து உள்ளே வைத்தால்தான் ஒட்டும். நோய் கண்ட கர்ப்பப்பையில் அதே ஜீன்கள் எழுந்திருக்க மாட்டேன் என்று கிடக்கும். வீடு முழுக்க சுவிட்ச் இருந்தும் விளக்கு எரியாத கதைதான். எது எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்துச் சொல்வது ஆய்வாளரின் வேலை.

முப்பத்தொண்ணின் விவரம் டைப்பிஸ்ட்டுக்கு அடித்து அடித்தே மனப்பாடம். கர்ப்பப்பையில் நாள்பட்ட அழற்சி. இதுவரை வைத்த கரு எதுவும் தங்கவில்லை. மிச்சம் ஒன்றே ஒன்றை உறைய வைத்திருக்கிறார்கள். இனிமேல் புதிதாகக் கருமுட்டை எடுக்க வயசும் இடம் கொடுக்காது.

டைப்பிஸ்ட் வீட்டில் இரண்டு வாலுகள். அதுகள் படுத்துகிற பாட்டில் இவள் தலையில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம், இதற்குத்தானே அந்தப் புண்ணியவதி ஏங்குகிறாள் என்று தோன்றும். முகம் தெரியாத ஒருத்திக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

"நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"காலைலேருந்து வேற என்ன பண்றேன்?"

அது நிஜம்தான். முப்பத்தொண்ணாம் குப்பி வந்தால் வேறு யாரையும் தொட விடமாட்டார். முடிவு வந்ததும், நல்ல கர்ப்பப்பையின் கணக்கைத் திரையில் ஒரு பக்கமும் இதை மறு பக்கமும் வைத்துக்கொண்டு, டீ ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். குற்றம் கண்டுபிடிக்க அப்படி என்ன ஆசையோ என்று டைப்பிஸ்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடத்தில் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் அவரைக் கறார் அக்கா என்று சொல்வது சும்மா இல்லை.

எவ்வளவுதான் குறைகிறது என்று கேட்டாள். மருந்து கேட்டிருக்கிறது, போன மாசத்துக்கு இந்த மாசம் எவ்வளவோ தேவலை, ரெண்டு மூணு ஜீன்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றார்.

"அப்ப நூலளவுதானே? தயார்னே போட்டுடுங்கக்கா. எப்படியாவது ஒட்டிக்கும்."

"ஒட்டலேன்னா?"

ஆய்வாளர் திரையை விட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அவசரப்பட்டு வச்சுட்டு அதுவும் போயிடுச்சுன்னா, அப்புறம் எதைக் கொண்டுவந்து வைக்கிறது?"

நியாயம்தான். நியாயம் பேசினால் போதுமா? மாசம் முழுக்க மருந்தைத் தின்றுவிட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு, போன் மணி அடிக்காதா என்று உட்கார்ந்திருப்பவளுக்கு ஒற்றை வார்த்தையில் கதவைச் சாத்துவதா? ஒரு ஆறுதல் வரியாவது சேர்க்கக் கூடாதா? டைப்பிஸ்ட் பொரிந்து தள்ளிவிட்டாள். கடைசியில் சொல்லக் கூடாததையும் சொன்னாள்.

"நீங்க வேலையே போதும்னு இருந்துட்டவங்க. புள்ளை அருமை உங்களுக்கு எங்கக்கா தெரியும்?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆய்வாளர் கோபப்படவில்லை. திரையில் இருந்த முப்பத்தொண்ணின் கணக்கை மூடினார்.

"ஆசையா காத்துட்டிருக்கறவகிட்டத்தான் பொய் சொல்லக் கூடாது. நீ அடி."

சொல்லிவிட்டு அடுத்த குப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கல்லுளிமங்கி என்று முணுமுணுத்தபடி டைப்பிஸ்ட் அடித்து அனுப்பினாள். அனுப்பிய பிறகும் மனசு கேட்கவில்லை. நோயாளிகளுக்கு முடிவைச் சொல்லுகிற ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் போட்டாள்.

"சிஸ்டர், பேரு கேக்கக் கூடாதுன்னு தெரியும், கேக்கலை. முப்பத்தொண்ணுக்கு ரிசல்ட் அனுப்பியிருக்கேன். இந்த மாசமும் இல்லை. அவங்ககிட்டச் சொல்லும்போது கொஞ்சம் பதமாச் சொல்லுங்க. இங்க பாத்துச் சொல்றவங்களுக்குத்தான் நெஞ்சுல ஈரமே கிடையாது."

அந்தப் பக்கம் நர்ஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கெல்லாம் தெரியும்னுல்ல நான் இத்தனை நாளா நெனச்சிட்டிருக்கேன்" என்றாள் நர்ஸ். "அவங்ககிட்ட நான் புதுசா என்னம்மா சொல்றது? அங்க உக்காந்து பாத்துச் சொன்னதே அவங்கதானே."