தகரச் சத்தம்

கரும்பு வெட்டிய கொல்லையில் காய்ந்து கிடக்கும் சோகை இலைக்குத் தீ வைக்கும் முன், அஞ்சலாட்சி நாலு வரப்பையும் சுற்றிவந்து தகர டின்னைத் தட்டுவாள். உள்ளே இருக்கும் உயிர்கள் ஓடிவிடட்டும் என்றுதான். அன்றும் கை நோகத் தட்டினாள். பெரிய முயல் ஒன்று பாய்ந்து போனது. அதன் பிறகே அவள் கணவன் தணிகாசலம் கொளுத்தினான்.

தீ அடங்கியபின் வரப்போரம் எலிவளை ஒன்று சரிந்து கிடந்தது. உள்ளே ஏழு குட்டிகள், ரோமம்கூட முளைக்காமல், கண் திறக்காமல், உயிரோடு நெளிந்தன. ஒரு சாண் தள்ளி, கருகிய தரையில் முயல்குட்டி ஒன்று காதை மடக்கி உட்கார்ந்திருந்தது. அதன் கண்கள் திறந்திருந்தன.

"ஏய்யா, இதுவும் பொழச்சிருக்குது பாரு!" என்று தொட்டாள். குட்டி உயிரில்லாமல் சாய்ந்தது. விரலில் சாம்பல் ஒட்டியது.

"கண்ணு தெரியாததெல்லாம் பொழச்சிக் கெடக்குது. கண்ணு தெரிஞ்ச இது ஏன் ஓடல?" என்று கணவனைக் கேட்டாள்.

"எலி மண்ணுக்குள்ள பதுங்கிக்கும். முயலுக்கு வளை ஏது? சத்தம் கேட்டா குட்டி அசையாம உக்காந்துக்கும். நீ தட்டத் தட்ட இன்னும் அசையாது."

அவள் நிமிர்ந்தாள். "இது தெரிஞ்சுமா இத்தனை வருசமா என்னைத் தட்டச் சொன்ன?"

தணிகாசலம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ தட்டினாத்தான், அஞ்சல, எனக்குக் கொளுத்த மனசு வருது."

சொல்லிவிட்டு அடுத்த கொல்லையின் முனைக்குப் போனான். தீக்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தத்துக்காகக் காத்து நின்றான்.