ராணியின் கன்னத்து மரு

பரிசத் தட்டில் இருந்த இருபத்தொரு ராணிக்காசுகளையும் பார்த்ததும் பூமாலைப் பத்தருக்கு உள்ளங்கை வியர்த்தது. ஒவ்வொரு காசிலும் விக்டோரியா ராணியின் கன்னத்தில் கடுகளவு மரு இருந்தது.

அசல் காசில் அந்த மரு கிடையாது. பத்தர் தன் பட்டறைப் பரணில் ஒளித்து வைத்திருந்த பழைய வெண்கல அச்சில் ஒரு சின்னக் குழி உண்டு. வெள்ளீயத்தைக் காய்ச்சி ஊற்றினால் ராணிக்கு மரு முளைத்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆண்டிமடத்துப் பழைய இரும்புக் கடையில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த அச்சு அது. அதில் காசு வார்த்து, வெள்ளி முலாம் பூசி, திருச்சித் தரகர் ஒருவர் மூலம் பழங்காசு என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் சுற்றி அது தன் மகள் சத்யாவின் தட்டுக்கே வந்து சேரும் என்று யார் கண்டது?

“எங்க தாத்தா பொட்டியில கெடந்த காசுங்க,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா மணிவண்ணன். ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரம் செய்பவர்.

தாத்தாவாம், பெட்டியாம். எவனிடமோ ஏமாந்து வாங்கிவிட்டுப் பெருமையைப் பார் என்று பத்தருக்கு எரிச்சலாக வந்தது. காசுகள் நன்றாகத் தேய்ந்திருந்தன. பழசாகத் தெரியட்டும் என்று தரகன் தேய்த்திருப்பான்.

தட்டில் வரும் வெள்ளியைப் பெண்ணின் அப்பா சபையில் உரசிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தாம்பூலம் மாற்றுவது அவர்கள் வழக்கம். பங்காளி ஒருவர் உரைகல்லை எடுத்துக் கையில் கொடுத்தார். பெரம்பலூரில் வெள்ளி விஷயத்தில் பூமாலைப் பத்தர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

போலி என்று சொன்னால் எங்கே வாங்கியது என்று கிளறுவார்கள். கிளறினால் நூல் பிடித்த மாதிரி தன் பரணுக்கே வந்து நிற்பார்கள். அசல் என்று சொன்னால் நாளைக்கு ஒருநாள் குட்டு வெளிப்படும்போது, நல்ல காசை மாற்றிவிட்டாள் என்று பழி சத்யாவின் தலையில் விழும். திருடனுக்குத் தேள் கொட்டின கதையாகிவிட்டது.

கதவோரமாக நின்ற சத்யாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு காசை எடுத்தார். கட்டைவிரல் தன்னையறியாமல் ராணியின் கன்னத்தைத் தடவியது. முலாம் போய்விடாமல் கல்லில் பட்டும் படாமலும் ஓர் இழுப்பு இழுத்தார். சபையே அவர் வாயைப் பார்த்தது.

“சுத்த வெள்ளிங்க,” என்றார்.

தாம்பூலம் மாறியது. பெண்கள் குலவையிட்டார்கள். எப்படியோ இன்றைக்குத் தப்பித்தோம் என்று பத்தர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மணிவண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, அவர் நெற்றியில் பொட்டு வைக்கிற சாக்கில் காதோரம் குனிந்தார்.

“நீங்க மருவத் தடவுனப்பவே தெரிஞ்சுக்கிட்டேன் சம்பந்தி. எங்க தாத்தாவோட அச்சு பத்திரமா இருக்குல்ல?”