குதிகாலை மிதிக்கும் குதிரை

குதிரைச் சாமான் கடைக்குள் நுழைந்ததுமே அந்தப் பெண் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, எங்க குதிரை நடக்கும்போது பின்னங்கால் முன்னங்காலை மிதிச்சு, குதிகால் தோலே உரிஞ்சுபோச்சு."

"அதுக்குன்னே பூட்ஸ் இருக்கும்மா. முன்னங்கால் ரெண்டுக்கும் மாட்டினாப் போதும்." கடைக்காரர் ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்தார். "எப்பவாவது மிதிக்குதா, எப்பவுமேவா?"

"நடக்க ஆரம்பிச்சாலே மிதிதான். அதட்டியும் பாத்துட்டேன்."

கடைக்காரருக்கு ஆவல் தாங்கவில்லை. "முரட்டுக் குதிரை போலிருக்கே! வயசென்ன?"

"முன்னங்காலுக்கு நாப்பது. பின்னங்காலுக்கு முப்பத்தஞ்சு."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாடகத்துல வர்ற குதிரைண்ணே. ஒரே துணிக்குள்ள ரெண்டு பேர். முன்னால என் வீட்டுக்காரர், பின்னால என் தம்பி."

"அடடா! பின்னால இருக்கிறவருக்குக் கண்ணு தெரியாது. தெரியாம மிதிச்சிருப்பார், பாவம்."

"தெரிஞ்சேதான். எங்க கல்யாணத்துலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே குதிரைக்குள்ள போட்டா பேசித்தானே ஆகணும்னு நான்தான் சேத்துவிட்டேன்."

"பேசினாங்களா?"

"நேத்துதான் தம்பி முதல் தடவையா வாயைத் திறந்தான். 'வலிக்குதா மாமா?'ன்னு கேட்டுட்டு, மறுபடியும் மிதிச்சான்."