கண்ணாடியில் இடித்த கைகள்

குழந்தையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இயந்திரக் கைகள் தாறுமாறாக ஆடுகின்றன என்று நர்ஸ் எஸ்தர் கூப்பிட்டதும், கருவிகளைப் பழுதுபார்க்கும் நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன்.

பிறந்து ஐந்து நாளான ஆண் குழந்தை. நாலு நாளாகக் கொரோனா காய்ச்சல். தொற்றில்லாத தாய் முத்தரசி, கீழ்த்தளத்தில் கையுறை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்துத் தட்டிக்கொடுத்தால், மேலே இந்தக் கைகள் அப்படியே தட்டிக்கொடுக்கும். இப்போதோ அவை குழந்தையின் முகத்தை வழித்துவிட்டுப் பின்னால் போய், கண்ணாடியில் டொக்கென்று இடித்தன. மறுபடியும் வழித்தன; மறுபடியும் டொக்.

மைக்கில் கத்தினேன். "ஏம்மா, அங்க என்ன பண்றீங்க? பெட்டி உடைஞ்சிரும்!"

"திருஷ்டி கழிச்சேன் சார். இன்னிக்குத்தான் காய்ச்சல் விட்டிருக்கு. முகம் எம்புட்டுத் தெளிவா இருக்கு பாருங்க! எங்கண்ணே பட்டுரும்."

சொல்லிக்கொண்டே, பெட்டியருகே இருந்த திரையில் நான் பார்க்க, விரல்களை மடக்கி, தன் நெற்றிப்பொட்டில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தாள். மேலே இந்தக் கைகளுக்கு வைத்து முறிக்க நெற்றி இல்லை, கண்ணாடிதான் இருந்தது.

இடிபடும் இரண்டு இடத்திலும் பஞ்சு வைத்து ஒட்டினேன். பிறகு பழுதுப் பதிவேட்டில் எழுதினேன்: "கோளாறு எதுவும் இல்லை. பையன் அழகாக இருக்கிறான்."