நாலு வருஷ அனுபவம்

"பன்னெண்டாவது பெயிலு. ஆனா சீனாக்காரங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர்றதுல நாலு வருஷ அனுபவமா? இன்னாம்மா, வெளாட்டா?" என்றார் காக்களூர் தொழிற்சாலை மேலாளர் அரசப்பன்.

"ஒரே ஒரு பாடம் எடுக்க உடுங்க சார்," என்றாள் ரமீஸா. இந்த வேலையும் இல்லையென்றால் மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்த வேண்டியதுதான்.

புதிதாக வந்திருந்த சீனப் பொறியாளர் லின்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார் அரசப்பன்.

"இவரு நேத்து 'ஓப்பன் தி மெஷின்'னாரு. நம்மாளு மூடியக் கழட்டிட்டான்."

"அவங்க பாஷையில கதவத் தொறக்கவும் மிஷினப் போடவும் ஒரே வார்த்தை சார். லைட்டக்கூட ஓப்பன் பண்ணுவாங்க."

மேசை இழுப்பறையைத் திறந்து, "ஓப்பன்" என்றாள் லின்னிடம். விளக்கைப் போட்டு, "ஸ்விட்ச் ஆன்" என்றாள். பிறகு மின்விசிறியைக் காட்டினாள்.

"ஓப்..." என்று தொடங்கிய லின், தலையில் தட்டிக்கொண்டு, "ஸ்விட்ச் ஆன்!" என்று சிரித்தார்.

அரசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தக் கம்பெனியில இருந்தீங்க?"

"ஊட்லதான் சார். இங்க இங்கிலீஷ் சொல்லித்தந்துட்டு, போன வருஷம் தவறிப்போன உங்க மொஹசின் வாத்தியாரோட சம்சாரம் நான். மறுநாள் பாடத்த முந்தின நாளே என்கிட்ட நடத்திப் பாத்துருவாரு. நாலு வருஷமும் நான்தான் சீனாக்காரரு."

அரசப்பன் அவளுடைய விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்திட்டார்.

"சீனாக்காரங்க இங்க பதினோரு பேர் இருக்காங்கம்மா. வாத்தியாருதான் இல்ல. நாளைக்கே வந்துடுங்க."