கோதண்டராமனின் ஆட்சேபணை

“ஆட்சேபணை சார்!”

வாக்குச்சாவடியில் மணியம்மாள் தன் சீட்டை நீட்டியதுதான் தாமதம், குடைச் சின்னத்தின் ஏஜென்ட் கோதண்டராமன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

எதிரே தராசுச் சின்னத்துக்காக உட்கார்ந்திருந்த ஐடாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு இதுதான் முதல் தேர்தல் வேலை. தையல் மெஷினை ஒரு நாள் மூடி வைத்துவிட்டுக் காசு வாங்காமலே வந்திருந்தாள். கள்ள ஓட்டு வந்தால் சொல்லவேண்டும் என்று கட்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

காலையிலிருந்து பார்க்கிறாள், கோதண்டராமன் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தது போயும் போயும் மணியம்மாளைப் பார்த்தா? பாலகாட்டுச் சுரங்கத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் மனுஷர், பத்து வருஷமாக அவளுக்கு அரிசி பருப்பு அளந்து போட்டவர்!

“ஏன்ரீ, என்ன ஆட்சேபணை?” கோலாரிலிருந்து வந்திருந்த கன்னட அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

“லிஸ்ட்ல இன்னா போட்டிருக்கு? மணியம்மாள், கணவர் முனிரத்தினம். முனிரத்தினத்துக்குப் பொண்டாட்டியே கெடையாது, இவ சும்மா வந்து ஒட்டிக்கினவன்னு அவன் கூடப்பொறந்த அண்ணனே லைன் பூரா சொல்லிக்கினு திரியறான். விசாரிங்க சார்.”

வரிசையில் சலசலப்பு எழுந்தது. மணியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அண்ணன் கதை ஐடாவுக்கும் தெரியும். முனிரத்தினம் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்து மூன்று மாதம் ஆகிறது. சுரங்கக் கம்பெனி அவனுக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டைத் தன் மகனுக்கு வாங்கிவிட வேண்டும் என்று, தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை எனக் கம்பெனி ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டான் அண்ணன். கல்யாணம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் நடந்தது. அதற்குத் துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. ஓட்டர் லிஸ்ட்டில் பேர் இருக்கிறதே என்றால், “அந்தப் பேர் நீதான்னு யார் சொன்னது? ஆதாரம் கொண்டா” என்கிறார்கள். மாசக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால், இரண்டு பிள்ளைகளோடு அவள் தெருவில்தான் நிற்கவேண்டும்.

“இன்னாண்ணா இப்டி பேசறே? உன் கடைக்கு நான் வராத நாள் உண்டா?” மணியம்மாள் நிமிர்ந்து கேட்டாள்.

கோதண்டராமன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“ஆட்சேபணைக்கு ரெண்டு ரூபாய் கட்டணும். நிரூபிக்கலைன்னா திரும்ப வராது,” என்றார் அதிகாரி.

எடைக்கு மேல் ஒரு கல் உப்பு போடமாட்டார் என்று பேர் வாங்கிய கோதண்டராமன், மறுபேச்சில்லாமல் கட்டினார். ஐடாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவள் மேல் இந்த மனுஷருக்கு அப்படி என்ன வன்மம்?

“இவங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

ஆண்கள் வரிசையிலிருந்து மரியகுழந்தை முன்னால் வந்தான். “நானும் செத்துப்போன முனிரத்தினமும் ஒரே ஷிப்ட்டு சார். ஒரே கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்குவோம். அவன் இவங்களுக்குத் தாலி கட்டறப்போ நான் பக்கத்துல நின்னேன்.”

“ஒரு ஆள் சொன்னா போதுமா?” என்றார் கோதண்டராமன்.

ஐடாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “நான் சொல்றேன் சார்! இவங்களுக்குப் பக்கத்து வீடு நான். ரெண்டு புள்ளைங்களும் பொறந்தப்போ கூட இருந்தவ. இவங்கதான் முனிரத்தினம் சம்சாரம். பைபிள் மேல கை வெச்சு சொல்றேன், போதுமா?”

“வாயால சொன்னா ஆச்சா? ரெண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். வீட்டு நம்பரையும் எழுதிக்குங்க சார்.”

ஐடா கையெழுத்துப் போட்ட வேகத்தில் தாள் கிழியாமல் தப்பியதே பெரிது.

அதிகாரி மடமடவென்று எழுதி முடித்தார். “ஆட்சேபணை தள்ளுபடி. நீங்க போய் ஓட்டுப் போடுங்கம்மா.”

கோதண்டராமன் அப்போதும் விடவில்லை. “விசாரிச்சதை ஒரு தாள்ல எழுதி, சீல் போட்டுக் குடுங்க சார். எங்க கட்சியில கேட்டா நான் காட்டணும் இல்ல?”

நல்ல ஆளிடம் மாட்டினோம் என்று முணுமுணுத்துக்கொண்டே அதிகாரி எழுதிக் கொடுத்தார்.

மணியம்மாள் ஓட்டைப் போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே போனாள். கோதண்டராமனும் தாளை மடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

இன்னும் என்ன பாக்கி வைத்திருக்கிறார்? ஐடாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளும் எழுந்து போனாள்.

பள்ளிக்கூட கேட்டுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். ஐடா படபடவென்று ஆரம்பித்தாள். “ஏண்ணா, உங்களுக்கு மனசாட்சியே கெடையாதா? புருஷனை மண்ணுக்குக் குடுத்துட்டு நிக்கறவங்களைப் போய்...”

அப்போதுதான் மணியம்மாள் அழுதுகொண்டே கும்பிடுவதைப் பார்த்தாள். அந்தத் தாள் அவள் கையில் இருந்தது. ஐடா வாங்கிப் படித்தாள்.

‘சாட்சிகளை விசாரித்ததில், இவர் காலஞ்சென்ற முனிரத்தினத்தின் மனைவி மணியம்மாள்தான் என்று உறுதியாயிற்று.’ கீழே அதிகாரியின் கையெழுத்து, தேதி, சர்க்கார் முத்திரை.

“நாளைக்குக் காலையில இதை ஆபீஸ்ல குடு தாயி. இதுக்கு மேல ஆதாரம் கேட்டா நான் வரேன்,” என்றார் கோதண்டராமன்.

ஐடாவுக்குத் தான் பேசிய பேச்சை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது.

“என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணா?”

“சொல்லியிருந்தா, எதிர்க்கட்சி ஏஜென்ட் இவ்ளோ கோவமா சாட்சி சொல்லியிருப்பாளாம்மா?”