பொக்லைன் மஞ்சள்

"மஞ்சள்னா மஞ்சள்தானேங்க! இதுல என்ன இவ்வளவு ஆராய்ச்சி?"

கணவரின் முழங்கையை இடித்தாள் மனைவி. அவர் அசையவில்லை. குட்டி வண்டிகளும் அவற்றுக்கான பெயின்ட்டும் விற்கும் அந்தக் கடையில், சுவரோரம் வரிசையாகத் தொங்கிய பிளாஸ்டிக் ஸ்பூன்களையே வெறித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஸ்பூனிலும் ஒரு நிறம் பூசிக் காயவைத்திருந்தாள் கடைக்காரி.

"அக்ரிலிக் பெயின்ட் ஈரமா இருந்தா ஒரு நிறம், காய்ஞ்சா ஒரு நிறம்ண்ணே. புட்டியைப் பார்த்து வாங்கினா ஏமாந்துடுவீங்க. ஸ்பூனைப் பாருங்க" என்றாள் அவள்.

மேசை மேல் அவர் கொண்டுவந்த வண்டி நின்றது. இரண்டு கைக்குள் அடங்கும் பொக்லைன். நீண்ட கையும், அதன் நுனியில் மண் அள்ளும் பக்கெட்டுமாக, துண்டு துண்டாக ஒட்டிச் சேர்த்திருந்தார். ஒட்டு வேலை சுத்தம். ஆனால் கதவில் மட்டும் பெயின்ட் திட்டுத் திட்டாக நின்றது.

"இதென்னண்ணே, கஞ்சி கொட்டின மாதிரி?"

"வீட்டு ஜன்னலுக்கு அடிச்ச மிச்சம்" என்றாள் மனைவி. "வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். போல்ட்டெல்லாம் முங்கிப் போச்சு. வீடு பூரா நாத்தம் வேற."

"இதுல அந்தத் தொல்லையே இல்லக்கா. தண்ணியிலேயே கலக்கலாம், பிரஷ்ஷையும் தண்ணியிலேயே கழுவலாம். மெல்லிசா ரெண்டு பூச்சு குடுத்தாப் போதும்." பேசிக்கொண்டே உப்புத்தாளை எடுத்துக் கதவைத் தேய்க்க ஆரம்பித்தாள் கடைக்காரி.

"சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடுமா?" அப்போதுதான் அவர் வாய் திறந்தார். "அண்ணன் இன்னையோட வேலையை விடுறாரு. நாளைக்கு மக வீட்டோட போயிடுவாரு. கையில வாங்கினதும், 'அட, என் வண்டி'ன்னு அவர் வாயால சொல்லணும். சொல்லலைன்னா இது வெறும் பொம்மைதாம்மா."

"அவர்தான் பொக்லைன் ஓட்டுறவரா? கூடப் பொறந்த அண்ணனா?"

"அதுக்கும் மேல" என்றாள் மனைவி. இதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கேலி இல்லை.

கடைக்காரி மஞ்சள் ஸ்பூன்களை எல்லாம் கழற்றி மேசையில் பரப்பினாள். மனைவி ஒரே பார்வையில் ஒன்றை எடுத்துவிட்டாள்.

"இதேதான். கண்ணைப் பறிக்கிற மஞ்சள். வெயில்ல பளபளன்னு நின்னுச்சு. இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு."

"மஞ்சளா?" என்றார் கணவர். "மஞ்சள் எங்க இருந்துச்சு? துருவும் சேறும்தான். பக்கெட்டுப் பல்லு நுனி மட்டும் மண்ணைக் கொத்திக் கொத்தி வெள்ளி மாதிரி மின்னும். நடுப்பல்லு தேஞ்சு கட்டையா இருக்கும். பக்கெட்டு உள்பக்கம் குறுக்கால ஒரு வெல்டிங் தழும்பு."

"பக்கெட்டை விடுங்கண்ணே. டிரைவர் உட்கார்ற கூண்டு என்ன நிறம்?"

"தெரியாது."

"கை?"

"தெரியாதும்மா."

"கீழே உருள்ற டிராக் பட்டை?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். கடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே வண்டியைத்தான் சொல்றீங்களா?"

"ஒரே வண்டிதான்" என்றார்கள் இருவரும், ஒருவரை ஒருவர் முறைத்தபடி.

"சரியாப் போச்சு. எங்க வீட்டுலயாவது பரவாயில்ல, திரைச்சீலைக்குத்தான் சண்டை." பழுப்பு, சாம்பல், வெள்ளி என்று இன்னும் சில ஸ்பூன்களை எடுத்து வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு கருந்துரு நிறத்திடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"இது" என்றார், மெதுவாக. "இதை அடிச்சுட்டு, பல்லு நுனியில மட்டும் வெள்ளி."

"அதுக்கும் வழி இருக்கு. பிரஷ்ஷைத் துணியில துடைச்சுட்டு, ஈரமே இல்லாம லேசா உரசுங்க. நுனியில மட்டும் பிடிக்கும். ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. பக்கெட்டு மட்டும் வண்டி ஆகிடாது. மத்தது எதையுமே நீங்க பார்க்கலை போல. அக்கா சொல்ற மஞ்சளையே பூரா அடிச்சிட்டா என்ன?"

"அதானே! நானும் காலையில இருந்து அதைத்தான் கத்துறேன். இவரு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. இத்தனைக்கும் அன்னைக்கு நானும்தான் அங்கே…"

சொல்ல வந்தவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் அந்தத் துரு ஸ்பூனைக் கண்ணுக்கு மேலே பிடித்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாளைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால், "அண்ணன் நல்லாயிருக்கணும்" என்பதோடு எழுந்து போய்விடுவார்.

மனைவி அவர் கையிலிருந்த ஸ்பூனை மெல்ல வாங்கி, தன்னுடைய மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டையும் குடும்மா. வண்டிக்கு நான் அடிக்கிறேன். பக்கெட்டை அவரு அடிக்கட்டும். அண்ணனுக்குக் கட்டாயம் தெரியும்."

கடைக்காரி புட்டிகளை எடுத்து வைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"ஏங்க்கா, ஒரே வண்டியை, ஒரே நாள்ல பார்த்திருக்கீங்க. அதெப்படி ஆளுக்கு ஒரு நிறம்?"

மனைவி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மேல நின்னு பார்த்தேன்மா. இவரு சரிஞ்ச மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்தாரு. அந்த அண்ணன் மேல் மண்ணை அள்ள அள்ள, இவரு கீழே இருந்து பார்த்தாரு."